கொழும்பு ஐடிசி ரத்னதீப: தங்கிட்டு வந்தவங்க சொல்லுங்க, காசுக்கு தகுமா?

கிண்டி_ரம்யா

நேரா விஷயத்துக்கு வர்றேன். காலிமுகத்திடலுக்கு எதிர்ல 2024 ஏப்ரல்ல திறந்தாங்களே ஐடிசி ரத்னதீப, அதுல அம்மா அப்பாவோட ஒரு வாரக்கடைசி தங்கிட்டு வந்தோம். என்னைக் கேட்டா தகும். ஆனா நீங்க எந்தப் பக்கம் ரூம் எடுக்கறீங்க, எந்த மாசம் போறீங்க, விலையை எப்படிப் படிக்கறீங்க, இந்த மூணும் சரியா அமையணும், இல்லாட்டி அதே காசுக்கு மனசு ஆறாது.

முதல்ல கட்டடம். ரெண்டு டவர். ஹோட்டல் இருக்கறது சின்ன டவர்ல, 140 மீட்டர், பக்கத்துல இருக்கற 224 மீட்டர் டவர் முழுக்க அபார்ட்மெண்ட். ரெண்டையும் சேர்த்து தரையிலேர்ந்து சுமார் 100 மீட்டர் உயரத்துல ஒரு பாலம் போட்டிருக்காங்க, ஏர்போர்ட் பக்கத்துலேர்ந்து வரும்போது தூரத்துல அதுதான் கண்ணுல படும். வடிவமைச்சது ஸ்வீடன் ஆர்க்கிடெக்ட் யெர்ட் விங்கோர்ட். டவர் வளைஞ்சு வளைஞ்சு போகுது, அதனால நேர் எதிர்ல நின்னு பார்க்கறப்போ ஒரு மாதிரி, திடல்ல கொஞ்ச தூரம் நடந்து போய் திரும்பிப் பார்த்தா வேற மாதிரி. ரூம் மொத்தம் 352. இந்தியாவுக்கு வெளில ஐடிசிக்கு இதுதான் முதல் ஹோட்டல், அதனாலயோ என்னவோ கொஞ்சம் உயிரைக் கொடுத்துத்தான் பண்ணியிருக்காங்கன்னு எனக்கு தோணுச்சு.

நாங்க கடல் பக்கம் எடுத்தோம். கொழும்புல கடல் மேற்குல இருக்கு, மெட்ராஸ்காரங்களுக்கு இது தலைகீழ், நமக்கு கடல்னா சூரிய உதயம்தானே, இங்க சாயங்காலம் ஆறு மணிக்கு ரூம்ல எல்லாரும் ஜன்னல்கிட்ட வந்துடறோம், அப்பா டீவியையே ஆஃப் பண்ணிட்டார். வலது பக்கம் பார்த்தா போர்ட் சிட்டிக்காக கடலை மூடி எடுத்த நிலம் விரிஞ்சு கிடக்கு, 269 ஹெக்டேர், பெரும்பாலும் இன்னும் வெறும் தரைதான். பின்பக்க ரூம்ல பேரே வாவியும் தாமரைக் கோபுரமும் தெரியும், ராத்திரி லைட் போட்டதும் அதுவும் அழகுதான், ஆனா முதல் தடவை போறவங்க கடல் பக்கமே எடுங்க.

சாப்பாடு பத்தி தனியா எழுதறேன், ரொம்ப நீளமாகுது.

மதுரை_கார்த்தி

அக்கா, விலையை எப்படிப் படிக்கறதுன்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் விளக்குங்க. நான் ஒரு ஆப்ல பார்த்த விலை ஒன்னு, கடைசி பேஜ்ல வந்த விலை வேற ஒன்னு, பயந்துபோய் மூடி வச்சுட்டேன். வீட்டம்மாவோட பிறந்தநாளுக்கு ஒரே ஒரு ராத்திரி தங்கணும்னு ரொம்ப நாளா காசு சேர்த்துட்டு இருக்கேன், அதனாலதான் இவ்ளோ யோசிக்கறேன்.

கிண்டி_ரம்யா

கார்த்தி, அது ஸ்ரீலங்கா முழுக்க இருக்கற விஷயம், இந்த ஒரு ஹோட்டல்னு இல்ல. விலைக்குப் பக்கத்துல பிளஸ் பிளஸ்னு போட்டிருந்தா மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஏறும், அப்புறம் அந்த மொத்தத்துக்கு 18 சதவீதம் வாட் ஏறும், அந்த வாட்டை 2024 ஜனவரிலதான் 15லேர்ந்து 18 ஆக்கினாங்க, இதுபோக சின்னச் சின்ன லெவி வேற. 200 டாலர்னு பார்த்தா கைல 260 தாண்டிடும். ரெஸ்டாரண்ட் மெனுவுலயும் இதே கணக்குதான், அதனால மெனு விலையில மூணுல ஒரு பங்கைக் கூட்டிப் பார்த்துட்டே ஆர்டர் பண்ணுங்க. புக் பண்றதுக்கு முன்னாடி வரி எல்லாம் சேர்த்த விலையை காட்டற செட்டிங் இருக்கும், அதை ஆன் பண்ணிட்டு மத்த ஹோட்டல்களோட ஒப்பிடுங்க. பிறந்தநாள்னு புக்கிங்லயே ஒரு வரி எழுதிடுங்க, மறக்காதீங்க.

கொட்டாஞ்சேனை_ரகு

ரம்யா அக்கா எழுதினது எல்லாம் சரி. நான் கொழும்புதான், அந்தக் கட்டடம் எழும்பத் தொடங்கின காலத்தில இருந்தே அந்த ரோட்டால போய் வந்தனான். வெளியூர் ஆக்களுக்கு இது புதுசா ஒரு ஹோட்டல், எங்களுக்கு அப்பிடி இல்லை. இடையில 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு, அதில பக்கத்து ஹோட்டலே அடிபட்டது, அதுக்குப் பிறகு கொரோனா, அதுக்குப் பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. அந்த வருசம் ஏப்ரல்ல இருந்து அந்தத் திடல் முழுக்க கூடாரம் அடிச்சு சனம் போராட்டத்தில இருந்தது, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை. அரைகுறையா நிண்ட அந்த டவரைப் பார்த்து இது இனி முடியாது எண்டுதான் நாங்கள் கதைச்சது. அதனால 2024ல லைட் எரியிறதைப் பார்க்க எனக்கு உண்மையாவே சந்தோசமா இருந்தது, எத்தினை பொடியளுக்கு வேலை கிடைச்சிருக்கு எண்டு யோசிச்சுப் பாருங்கோ, ஹோட்டல் படிச்ச பொடியள் பாதிப்பேர் அந்த ரெண்டு வருசத்தில டுபாய்க்கும் மாலைதீவுக்கும் போட்டுதுகள்.

நானும் மனிசியும் தங்கேல்லை, கலியாண நாளுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போனனாங்கள், அந்தப் பாலத்தில இருக்கிற அஹசவுக்கு. இலங்கைச் சாப்பாடுதான். வீட்டில சமைக்கிறதை ஏன் அங்க போய் சாப்பிடோணும் எண்டு மனிசி கேட்டவ, சாப்பிட்டாப் பிறகு ஒண்டும் சொல்லேல்லை. கீழ பார்த்தா கார் எல்லாம் சின்னச் சின்னதா தெரியும், உயரம் பயம் உள்ள ஆக்கள் கண்ணாடிக்குப் பக்கத்து மேசையை எடுக்காதேங்கோ.

வேரூன்றியவன்

நான் கொஞ்சம் மாறுபடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணாடி டவர் துபாய்லயும் இருக்கு சிங்கப்பூர்லயும் இருக்கு, அதுக்காக கொழும்பு வரைக்கும் போகணுமா? அதே திடலோட தெற்கு மூலைல காலிமுகத்திடல் ஹோட்டல் இருக்கு, 1864லேர்ந்து நடக்குது. செக்கர் போட்ட தரை, கடலைப் பார்த்த மாதிரி புல்வெளி, சாயங்காலம் கொடி இறக்கறது, இதெல்லாம் எந்த காசு கொடுத்தாலும் புதுசா கட்ட முடியாது. புதுசுங்கறது ரெண்டு வருஷத்துல பழசாயிடும், பழசு பழசாவே இருக்கும். அந்தத் திடலையே கவர்னர் ஹென்றி வார்ட் 1859ல நடைபாதை போட்டு, இதைப் பெண்களும் குழந்தைகளும் காத்து வாங்கற இடமா காப்பாத்துங்கன்னு தனக்கு அப்புறம் வர்றவங்களுக்கு கல்லுல வெட்டி வச்சுட்டு போனார். அந்த ஊர்ல தங்கணும்னா அந்த ஊர் மாதிரி இருக்கற இடத்துல தங்கணும்ங்கறது என் கருத்து.

கிண்டி_ரம்யா

நீங்க சொல்றதுல எனக்கு பாதி உடன்பாடு சார். பழைய ஹோட்டல்ல நாங்க டீ சாப்பிடப் போனோம், அந்த வராண்டால உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மனசு வரல. ஆனா என் அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு. படி இல்லாம ரூம் வரைக்கும் வீல்சேர் போகணும், பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பி இருக்கணும், லிஃப்ட்டுக்காக நிக்கக்கூடாது. இந்த மாதிரி தேவை இருக்கற குடும்பத்துக்கு புது கட்டடம்தான் நிம்மதி. ஊர் மாதிரி இருக்கணும்னு சொன்னீங்க, அது ரோட்டைத் தாண்டினா இருக்கு. சாயங்காலம் திடல்ல போய் எறால் வடை வாங்கி சாப்பிட்டுட்டு, பட்டம் விடற பசங்களைப் பார்த்துட்டு, ஒன்பது மணிக்கு மேல வந்தோம்.

சாப்பாடு சொல்றேன்னு சொன்னேன்ல. அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது, வெளிநாட்டுல அவங்களோட போறது எப்பவுமே எனக்கு பயம். இங்க ராயல் வேகான்னு முழுக்க சைவத்துக்கே ஒரு ரெஸ்டாரண்ட் வச்சிருக்காங்க, நம்ம கிண்டில ஐடிசியோட கிராண்ட் சோழா ஹோட்டல்லயும் இதே பேர்ல இருக்கு, அதனால அம்மா உள்ள நுழைஞ்சதும் தெரிஞ்ச வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிட்டாங்க. அதுல என்னத்த கலந்திருக்கு இதுல என்னத்த கலந்திருக்குன்னு கேட்க வேண்டிய அவசியமே இல்லாம ஒருத்தங்க வெளிநாட்டுல நிம்மதியா சாப்பிடறதைப் பார்க்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு அசைவம் சாப்பிடறவங்களுக்கு புரியுமான்னு தெரியல. அப்பாவும் நானும் ஒரு ராத்திரி பெஷாவரி போனோம், டெல்லில இருக்கற புகாரா ரெஸ்டாரண்ட் வழி சமையல், கையாலதான் சாப்பிடணும், ஸ்பூனுக்கு பதிலா கழுத்துல ஏப்ரான் கட்டி விடுவாங்க. கருப்பு உளுந்து தால் ஒன்னு, ராத்திரி முழுக்க தந்தூர் சூட்டுலயே வச்சு காய்ச்சறது. அதை மட்டும் ஆர்டர் பண்ணி ரொட்டியோட சாப்பிட்டாலே ரெண்டு பேருக்கு போதும், கறி பக்கம் போகாம இருந்தா பில்லும் தாங்கும்.

தாரணி_ஸ்கார்பரோ

நாங்கள் போன வருசம் கனடாவில இருந்து போகேக்க எதிர்ப்பக்கம் சினமன் லைஃபில நிண்டனாங்கள், வாவிக்கு அந்தப் பக்கம், 2024 அக்டோபர்ல திறந்தது. 687 ரூம், பெரிசு எண்டா அப்பிடி ஒரு பெரிசு, உள்ளுக்க நடந்தே கால் உளைஞ்சு போச்சு எனக்கு. வடிவமைச்சவர் செசில் பால்மண்ட், இலங்கையில பிறந்தவர், லண்டன் ஒலிம்பிக் பார்க்கில இருக்கிற அந்தச் சிவப்புக் கம்பிக் கோபுரத்தை அனிஷ் கபூரோட சேர்ந்து செய்தவரும் அவர்தான். எங்கட நாட்டு ஆள் ஒருத்தர் எங்கட தலைநகரில இப்பிடி ஒண்டு செய்திருக்கிறார் எண்டு மகனுக்கு காட்டோணும் எண்டுதான் அங்க புக் பண்ணினது. மகன் ஆர்க்கிடெக்சர் படிக்கிறான், நாள் முழுக்க போட்டோதான்.

இன்னொண்டு சொல்லோணும். சினமன் லைஃப் உள்ள ஏரியாதான் கொம்பனித்தெரு. மலாய் ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், தமிழ் ஆக்கள் எண்டு தலைமுறை தலைமுறையா சின்னச் சின்ன வீடுகளில இருந்த இடம். 2010 மே மாதம் மியூஸ் ஸ்ட்ரீட்டில வீடுகளை ஒரே நாளில இடிச்சவை, அதுக்குப் பிறகும் கன குடும்பங்கள் அடுக்குமாடிக்கு எழும்பிப் போனது. எங்கட பெரியம்மா வீடும் அங்கதான் கிட்ட இருந்தது. ஹோட்டலில நிக்கவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, நானே நிண்டனான். ஆனா காலமை ஒருக்கா இறங்கி கியூ வீதி முருகன் கோயிலுக்கு நடந்து போய்ட்டு வாங்கோ. அந்தக் கோபுரத்துக்குப் பின்னால இப்ப எத்தினை டவர் நிக்குது எண்டு தெரியும், அந்த ரோட்டில இப்பவும் சனம் இருக்கு, கடை இருக்கு, கொத்துச் சத்தம் கேக்கும்.

கொட்டாஞ்சேனை_ரகு

தாரணி அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி. ஹோட்டலைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் ஒருத்தரும் இதைச் சொல்லுறதில்லை.

செல்வம்_ஹவுஸ்கீப்பிங்

இழையை முழுசா படிச்சேன், நல்லா போயிட்டிருக்கு. நான் இருபது வருஷத்துக்கு மேல ஹோட்டல் தொழில்ல இருக்கேன், சென்னை, மஸ்கட், தோஹா, அதுல புதுசா திறக்கற ஹோட்டல்ல ப்ரீ ஓப்பனிங் டீம்லயும் வேலை பார்த்திருக்கேன். புது ஹோட்டல்ல தங்கப் போறவங்க உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி ஏமாற்றம் குறையும், அதனால எழுதறேன்.

திறப்பு விழான்னு பேப்பர்ல வர்ற தேதிக்கும் ஹோட்டல் முழுசா தயாராகற தேதிக்கும் நடுவுல ஆறு மாசம் இருக்கும், சில சமயம் ஒரு வருஷம். முதல்ல எல்லா ரூமையும் விடமாட்டாங்க, சில மாடிகளை மட்டும் விடுவாங்க, மேல வேலை நடந்துட்டே இருக்கும். கெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி ஸ்டாஃபே ரூம்ல படுத்துப் பார்ப்பாங்க, ஷவர் தண்ணி எத்தனை செகண்டுல சூடாகுது, ஏசி சத்தம் போடுதா, படுக்கைல படுத்த இடத்துலேர்ந்து லைட் சுவிட்ச் கைக்கு எட்டுதா, திரைச்சீலை முழுசா மூடுதா, எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கணும், அதை ஸ்நாக் லிஸ்ட்னு சொல்வோம். ஒரு ரூமுக்கு நாப்பது அம்பது பாயிண்ட் வரும். அதுல முப்பது சரியாகும், மீதி கெஸ்ட் வந்து சொல்லித்தான் சரியாகும், இதுதான் உண்மை. ஏசி எல்லாம் ரூம் நிறைஞ்சாத்தான் அட்ஜஸ்ட் பண்ணவே முடியும், காலி கட்டடத்துல எல்லாமே நல்லா ஓடற மாதிரிதான் இருக்கும்.

தாரணி மேடம் சொன்ன சினமன் லைஃபையே பாருங்க, ஹோட்டல் 2024 அக்டோபர்ல திறந்துச்சு, அதே வளாகத்துல இருக்கற நூவான்னு 113 ரூம் ஹோட்டலும் கேசினோவும் 2025 ஆகஸ்ட்லதான் வந்துச்சு. பெரிய ப்ராஜெக்ட் எல்லாமே இப்படி கட்டம் கட்டமாத்தான் திறப்பாங்க, அது குறை இல்ல, அதுதான் முறை. நீங்க போறப்போ எந்தக் கட்டத்துல இருக்குன்னு கேட்டுக்கணும், அவ்ளோதான். போன் பண்ணி நேரடியா கேளுங்க: நீச்சல்குளம் ஓடுதா, எந்தெந்த ரெஸ்டாரண்ட் திறந்திருக்கு, என் மாடிக்கு மேலயோ கீழயோ வேலை நடக்குதா. நேரடியா கேட்டா ரிசர்வேஷன்ல இருக்கறவங்க பொய் சொல்ல மாட்டாங்க, ஏன்னா நாளைக்கு வந்து சண்டை போட்டா அவங்கதான் பதில் சொல்லணும். இன்னொன்னு, இதுவரைக்கும் யாரும் தங்காத ரூம் கொடுத்தா வேணாம்னு சொல்லுங்க, ரெண்டு மூணு மாசமா ஆள் தங்கிட்டு இருக்கற ரூம் கேளுங்க. புது கார்ப்பெட், புது பெயிண்ட், பசை வாசனை எல்லாம் போயிருக்கும், ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

நங்கநல்லூர்_விஜி

செல்வம் சார், இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஹோட்டல் பேரும் ஊரும் வேணாம், வளைகுடால புதுசா திறந்த ஒரு பெரிய ஹோட்டல். போட்டோல குளம் இருக்கு, போனா குளத்துக்கு டேப் ஒட்டி வச்சிருக்காங்க. காலைல எட்டு மணிக்கு தலைக்கு மேல டிரில்லிங், குழந்தை பயந்து எழுந்து ஒரே அழுகை. கீழ போய் சொன்னா ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுக்கு பாவம் இருபத்திரண்டு வயசு இருக்கும், மேனேஜர் வர்ற வரைக்கும் தனியா எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிட்டு நின்னுது. எனக்கு கோவம் அந்தப் பொண்ணு மேல இல்ல. குளம் இல்லைங்கறதை புக்கிங் பேஜ்ல போடாம முழு விலையும் வாங்கினாங்களே, அதுதான் இன்னும் ஆறல. திறந்து கொஞ்ச மாசம் ஆகறதுக்குள்ள போறவங்களுக்கு விலை குறைச்சுக் கொடுக்கணும், இதுல பேச்சே இல்ல.

செல்வம்_ஹவுஸ்கீப்பிங்

விஜி அம்மா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். ஒழுங்கா நடத்தறவங்க ஓப்பனிங் ரேட்னு குறைச்சுத்தான் போடுவாங்க, எதெது தயாராகலன்னு முன்கூட்டியே மெயில் அனுப்புவாங்க. அனுப்பலன்னா அது மேல இருக்கறவங்க எடுத்த முடிவு, கவுண்டர்ல நிக்கற பிள்ளைங்க தப்பு இல்ல. அந்தப் பொண்ணு மேல கோவப்படலன்னு சொன்னீங்க பாருங்க, இந்த தொழில்ல இருக்கறவனா அதுக்கு உங்களுக்கு கைகூப்பி நன்றி சொல்றேன்.

புது ஹோட்டலை எப்படி எடை போடறதுன்னு என்கிட்ட நிறைய பேர் கேப்பாங்க. மார்பிளைப் பார்க்காதீங்க. ஏதாவது ஒன்னு தப்பாப் போகும், கண்டிப்பாப் போகும், அப்போ என்ன பண்றாங்கன்னு பாருங்க. போன்ல சொன்னவரே திரும்பக் கூப்பிட்டு சரியாயிடுச்சான்னு கேக்கறாரா, இல்ல நீங்க மூணு பேருக்கு முதல்லேர்ந்து கதை சொல்ல வேண்டியிருக்கா. முதல் வகையா இருந்தா அந்த ஹோட்டல் ஒரு வருஷத்துல எங்கயோ போயிடும்.

கிண்டி_ரம்யா

செல்வம் சார் சொன்னதை அப்படியே எங்களுக்கு நடந்ததை வச்சு சொல்றேன். அப்பாவுக்கு குளிக்கறப்போ உட்கார ஒரு ஸ்டூல் வேணும்னு செக்கின் பண்றப்போ கேட்டோம். ரூமுக்கு நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள வந்துடுச்சு, அதோட நிக்கல, கொண்டுவந்த தம்பி மட்டக்களப்பு பக்கம், தமிழ்லயே பேசினார், அப்பாவை ஒரு தடவை உட்கார்ந்து பாக்கச் சொல்லி உயரம் சரியில்லைன்னு அவரே எடுத்துட்டுப் போய் வேற கொண்டுவந்தார். மறுநாள் காலைல டிபன் சாப்பிடற இடத்துல இன்னொரு பொண்ணு வந்து, அய்யா ராத்திரி ஸ்டூல் வசதியா இருந்துச்சான்னு கேக்குது. அந்த விஷயம் எப்படி அந்தப் பொண்ணு வரைக்கும் போச்சுன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். நான் தகும்னு சொன்னதுக்கு பாலமும் கடலும் காரணம்தான், ஆனா அம்மா அப்பா இன்னிக்கு வரைக்கும் ஃபோன்ல சொந்தக்காரங்ககிட்ட சொல்றது அந்த ஸ்டூல் கதையைத்தான்.

வேரூன்றியவன்

இதைப் படிச்சதுக்கு அப்புறம் எதிர்த்து சொல்ல எனக்கு ஒன்னும் இல்ல. என் கருத்து எனக்கு, ஆனா வயசானவங்களைக் கூட்டிட்டு போறவங்களுக்கு ரம்யா சொல்றதுதான் சரி.

மதுரை_கார்த்தி

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒரே கேள்வி, ஜூலை போகலாமா இல்ல ஜனவரியா? வீட்டம்மா பிறந்தநாள் ஜூலைலதான், ஆனா தள்ளிப் போட்டாலும் பரவாயில்லன்னு சொல்லிட்டாங்க.

கொட்டாஞ்சேனை_ரகு

தம்பி, மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிப்பா இருக்கும், வானம் மூடிக் கிடக்கும், மழை எப்ப வரும் எண்டு சொல்லேலாது. நீங்கள் கூடக் காசு குடுத்து கடல்பக்க ரூம் எடுத்துப்போட்டு சூரியன் இறங்கிறதைப் பார்க்காம வரக்கூடாது. டிசம்பர் கடைசியில விலை ஏறும், ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு, பெப்ரவரி நல்லம். கட்டுநாயக்காவில இறங்கினா ஹைவேயால வாங்கோ, 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, டாக்சிக்கு பிக்மீ ஆப் போட்டு வையுங்கோ, ஏர்போர்ட்டுக்கு வெளியில நிண்டு பேரம் பேசத் தேவையில்லை. ஞாயிறு பின்னேரம் திடலில சனம் கூட, அதுதான் பார்க்க நல்லா இருக்கும், அண்டைக்கு இரவு தங்குற மாதிரி எடுங்கோ, வெள்ளி சனியைவிட விலையும் கொஞ்சம் குறைய வாய்ப்பிருக்கு.

மதுரை_கார்த்தி

சரிங்கண்ணா, பிப்ரவரி ஞாயித்துக்கிழமை பார்த்துட்டேன், வரியெல்லாம் சேர்த்தே பட்ஜெட்டுக்குள்ள வருது. நாளைக்கு போன் பண்ணி செல்வம் சார் சொன்ன மூணு கேள்வியையும் கேட்டுட்டு புக் பண்றேன். போய்ட்டு வந்து இதே இழைல எழுதறேன்.